பாலக்கோட்டுக்கு ஒரு ஞானத்தகப்பன்

ஞானஸ்நானத்தில் ஞானத்தகப்பனாக நிற்பதற்காகக் கடல் கடந்து போன ஆள் எங்கள் தோட்டத்தில் நான் ஒருவன்தான். வேளாங்கண்ணிக்குப் போனவர்கள் உண்டு. சேலை வாங்கப் போனவர்கள் அதைவிட அதிகம். ஒரு குழந்தையின் தலையில் தண்ணீர் ஊற்றும்போது பக்கத்தில் நிற்கப் போகிறேன் என்று நான் லீவு கேட்டபோது, தொழிற்சாலை அதிகாரி பேனாவை மூடி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "அந்த ஊரில் கத்தோலிக்கர்களே இல்லையா?" என்றார். ஊர் முழுக்க அவர்கள்தான் என்றேன். அவருக்கு விளங்கவில்லை. எனக்கும் அப்போது விளங்கியிருக்கவில்லை.

சவரிமுத்துவும் நானும் ஹட்டன் பக்கத்தில் ஒரே தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர்கள். தோட்டத்துக் கோயிலில் நான் ஹார்மோனியம் வாசிப்பேன், அவன் தபேலா. தோட்டத்து ஆட்களை இரண்டு நாடுகளும் பங்கு போட்டுக்கொண்ட ஒப்பந்தம் வந்தபோது எனக்கு இலங்கைக் குடியுரிமை கிடைத்தது, அவனுக்கு இந்தியக் கடவுச்சீட்டு கிடைத்தது. ஏன் அப்படி என்றால் இரண்டு அரசாங்கங்களும் சேர்ந்து உட்கார்ந்துதான் பதில் சொல்ல வேண்டும். அவனும் மனைவி செபமாலையும் கப்பலேறினார்கள். தருமபுரி மாவட்டத்தில், பாலக்கோட்டுக்கு மேற்கே ஒரு கிராமத்தின் ஓரத்தில், எங்களவர்களுக்காகக் கட்டிய காலனியில் ஒரு வீடு கொடுத்தார்கள். அங்கே அவர்களுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. எட்டு மாதமாகியும் ஞானஸ்நானம் ஆகவில்லை, நிற்க ஆள் இல்லை, வர முடியுமா அண்ணே என்று எழுதியிருந்தான். எங்கள் பக்கம் பிறந்த மாதமே பிள்ளையைக் கோயிலுக்குத் தூக்கிப் போய்விடுவார்கள். எட்டு மாதம் என்பதை என் மனைவியால் பொறுக்க முடியவில்லை. ஒரு வெள்ளைச் சட்டையைத் தைத்து என் பையில் திணித்து அனுப்பிவிட்டாள்.

கிராமத்தின் பெயரை எழுதப் போவதில்லை. அங்கே எனக்குச் சோறு போட்டவர்கள் இருக்கிறார்கள்.

வெள்ளிக்கிழமை காலை தருமபுரியில் பஸ் ஏறினேன். பாதி வழியில் ஓர் ஏரிக்கரையில் பஸ் ஆவி விட்டுக்கொண்டு நின்றது. கண்டக்டர் தகர டின்னை எடுத்துக்கொண்டு ஏரிக்குள் இறங்கினார். ஏரியில் தண்ணீர் இல்லை. கிணறு தேடிப் போனார். எங்கள் மலைநாட்டில் பஸ் பள்ளத்தில் உருளும், மண்சரிவில் மாட்டிக்கொள்ளும். தாகம் தாங்காமல் நின்ற பஸ்ஸை அன்றுதான் பார்த்தேன். ஆண்களும் பெண்களும் புளியமரத்தடியில் இறங்கி நின்றோம். யாரும் கோபப்படவில்லை.

பக்கத்து சீட்டில் வந்தவர் தருமபுரியில் துணிக்கடை வைத்திருக்கும் முஸ்லிம் பெரியவர். நான் சிலோன் என்றதும் அவருக்கு முகமெல்லாம் சிரிப்பு.

"உங்க ஊரு ரேடியோவுலதாங்க எங்க வூட்ல பொழுதே விடியுது. காலைல பாட்டுப் போடறாரே, அவரு சௌக்கியமுங்களா?"

அந்த ரேடியோக்காரர் எனக்குப் பக்கத்து வீடு என்பது போல் சௌக்கியம் என்றேன். வேறு என்ன சொல்ல? அந்த மாவட்டத்தில் இருந்த நாளெல்லாம் அவருடைய சுகத்தை நான்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

எங்களுக்கு முன்னால் நின்ற இரண்டு பெண்கள் தெலுங்கில் பேசிக்கொண்டு என்னையும் என் பையையும் பார்த்தார்கள். என்ன பேசுகிறார்கள் என்று பெரியவரைக் கேட்டேன். அவர் தயங்கித் தயங்கி மொழிபெயர்த்தார். 'சிலோன் என்றால் காலனிக்குப் போகிற ஆள்தான். ஆனால் பேண்ட் போட்டிருக்கிறானே' என்றாளாம் ஒருத்தி. 'வீடு கொடுத்தவர்கள் பேண்டும் கொடுத்திருப்பார்கள்' என்றாளாம் மற்றவள்.

"மனசுல வெச்சுக்காதீங்க. அவுங்களுக்கு அதக் குடுத்தாங்க, இதக் குடுத்தாங்கன்னு இங்க ஒரு பேச்சு. மழையில்லாத வருசம் பாருங்க, அடுத்தவன் எல தான் கண்ணுக்குத் தெரியும்" என்றார்.

நான் மனதில் வைத்துக்கொள்ளவில்லை என்று சொல்ல மாட்டேன். எங்கள் பாட்டை வீட்டுக்குள் கூப்பிட்டவர்கள் எங்கள் ஆட்களை வெளியே நிறுத்தியிருக்கிறார்கள் என்று தோன்றியது. கண்டக்டர் டின்னோடு திரும்பி வந்தார். எல்லோரும் ஏறிக்கொண்டோம்.

பாலக்கோட்டில் சந்தைக்கு வெளியே தக்காளி சிவப்பாகக் கொட்டிக் கிடந்தது. விலை இல்லையாம், மாடுகள் தின்றுகொண்டிருந்தன. பாண் ரொட்டிக்கும் அரிசிக்கும் வரிசையில் நிற்கும் நாட்டிலிருந்து போன எனக்குக் குனிந்து பொறுக்கலாமா என்றிருந்தது. பேண்ட் போட்டிருந்ததால் பொறுக்கவில்லை. பக்கத்துச் சாப்பாட்டுக் கடையில் களி என்று ஓர் உருண்டையை வைத்து, நடுவில் குழி பறித்துக் கீரைக் குழம்பை ஊற்றினார்கள். நான் மென்றேன். பல்லெல்லாம் ஒட்டிக்கொண்டது. எதிரே இருந்த லாரி டிரைவர் பொறுக்க முடியாமல், "மெல்லாதீங்க சார், முழுங்குங்க. அது பாட்டுக்கு எறங்கும்" என்றார். இறங்கியது. சாயங்காலம் வரை பசிக்கவில்லை.

காலனி, ஊருக்கு வெளியே கல் பொறுக்காத மேட்டு நிலத்தில் இருந்தது. வரிசையாக ஓட்டு வீடுகள். தோட்டத்து லயத்தைப் பெயர்த்து வெயிலில் வைத்தது போலத்தான். சவரிமுத்து கறுத்துப் போயிருந்தான். என் தோளைப் பிடித்தவன் விடவேயில்லை. செபமாலை ரொட்டியும் சம்பலும் செய்து வைத்திருந்தாள். குழந்தை என் மூக்குக்கண்ணாடியைப் பிடுங்கியது. நல்ல பிள்ளை, அழுகை குறைவு.

சாப்பிட்டு முடித்துக் கை கழுவும்போதுதான் செபமாலை சொன்னாள்.

"நீங்க வந்தது பெரிய சந்தோசம் அண்ணே. ஆனா நீங்க நிக்க வேணாம்."

சவரிமுத்து தலையில் கை வைத்துக்கொண்டான். "கேட்டீங்களா? எட்டு மாசமா இதே பாட்டுத்தான். கடல் தாண்டி ஒரு மனுசனக் கூப்பிட்டு வச்சிருக்கேன், இப்பவும் இதே பாட்டு."

"நீங்க நின்னா சடங்கு முடிஞ்சிரும். அப்பறம் நீங்க கப்பலேறிப் போயிருவீங்க. எம்புள்ளைக்கு இங்க யாரு இருக்கா?" என்றாள் அவள் என்னிடம். கோபமாகச் சொல்லவில்லை. நாளைக்கு அடுப்புக்கு விறகில்லை என்பது போலச் சொன்னாள்.

அந்த ஊர் வழக்கத்தை அவன் விளக்கினான். அங்கே ஞானத்தாய் என்றால் பெயருக்கு நிற்பது இல்லை. அன்றைக்கே பிள்ளை வீட்டுக்கு வந்து, பானையில் முதல் அகப்பையை அவள்தான் சாப்பிட வேண்டும். அதற்குப் பிறகு இரண்டு வீடும் உறவு. கிறிஸ்துமஸுக்குப் பலகாரம் வரும், காய்ச்சல் என்றால் ஓடி வருவார்கள், பிள்ளை ஊர்க் கிணற்றில் வாளி போட்டால் யாருடைய பிள்ளை என்று கேட்க மாட்டார்கள். ஆகவேதான் யாரும் நிற்கவில்லை. நிற்பதில் அவர்களுக்குச் சங்கடம் இல்லை, சாப்பிடுவதில்தான் சங்கடம். சிலோன்காரர்கள் என்ன ஆட்கள் என்று யாருக்குத் தெரியும்? எங்கள் தோட்டத்தில் அந்தக் கேள்வியே கிடையாது என்று நான் பொய் சொல்ல மாட்டேன். ஆனால் ஒரே கொழுந்துக் கூடையைச் சுமக்கிற இடத்தில் அது கொஞ்சம் வாயை மூடிக்கொண்டிருக்கும்.

சனிக்கிழமை காலை சாமியாரைப் பார்க்கப் போனேன். பிரான்ஸிலிருந்து வந்த வெள்ளைக்காரர். என்னைவிட நல்ல தருமபுரித் தமிழ் பேசினார். "வாங்க, உக்காருங்க, களி துன்னீங்களா?" என்று அவர் கேட்டபோது சிரிப்பை அடக்கச் சிரமப்பட்டேன். ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு வீட்டிலிருந்து அவருக்குச் சாப்பாடு வருகிறது. அவர் எந்த ஊர், என்ன ஆள் என்று யாரும் கேட்பதில்லை. கடல் கடந்து வந்தவர்களில் அவர் ஒருவர்தான் அந்த ஊரில் விருந்தாளி.

"உபதேசியார நிக்கச் சொல்றேன்னு நானே சொன்னேனுங்க. திருச்சபைச் சட்டத்துக்கு அது போதும். அந்தம்மா ஒத்துக்கலீங்க" என்றார். எகிப்துக்கு அகதிகளாக ஓடிய திருக்குடும்பத்தைப் பற்றி மூன்று பிரசங்கம் செய்து பார்த்தாராம். பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்களாம். அதோடு சரி.

கோயிலுக்குப் பின்னால் கல்லறைத் தோட்டம். சுற்றிலும் நல்ல கல்சுவர். சுவருக்கு வெளியே, முள்செடி ஓரத்தில், கையகல மண்மேடு ஒன்று இருந்தது. காலனியில் செபமாலைக்கு அடுத்த வீட்டுக் குழந்தை. ஞானஸ்நானத்துக்கு ஆள் தேடிக்கொண்டிருக்கும்போதே காய்ச்சலில் போய்விட்டது. சாமியார் அப்போது சேலத்துக்குப் போயிருந்தார். அவர் வருவதற்குள், ஞானஸ்நானம் ஆகாத பிள்ளை என்று ஊரார் வழக்கப்படி சுவருக்கு வெளியே முடித்துவிட்டார்கள். அதைப் பார்த்த பிறகு எனக்குச் செபமாலை மேல் கோபம் வந்தது. இவ்வளவையும் கண்ணால் கண்டவள் ஒரு நாள்கூடத் தாமதிக்கலாமா? அன்று மத்தியானம் அவளிடமே கேட்டுவிட்டேன்.

"அந்தப் புள்ளயக் குளிப்பாட்டினது நான்தான் அண்ணே. தெனமும் பயந்துகிட்டுத்தான் படுக்கிறேன். அது செத்தப்ப ஊர்லருந்து ஒருத்தர் வந்து நிக்கல. அந்த மாதிரி எம்புள்ள இருந்தாலும் ஒண்ணு, செத்தாலும் ஒண்ணுன்னு இருக்கக்கூடாது" என்றாள்.

அவள் யாரை நினைத்திருக்கிறாள் என்று கேட்டேன். லூர்தம்மா என்றாள். ஊருக்குள் தக்காளியும் கேழ்வரகும் போடுகிற விதவை. செபமாலை அவள் தோட்டத்தில்தான் கூலி வேலை செய்கிறாள். இரண்டு பேரும் பக்கத்துப் பக்கத்துப் பாத்தியில் நின்று நாள் முழுக்கப் பேசுவார்களாம். குடிக்கத் தண்ணீர் மட்டும் தனித்தனிப் பானை.

சாயங்காலம் சவரிமுத்துவும் நானும் அவள் வீட்டுக்குப் போனோம். ஐம்பது வயதிருக்கும், கணீரென்ற குரல். என்னை உள்ளே கூப்பிட்டு நாற்காலி போட்டு வெண்கல டம்ளரில் மோர் கொடுத்தாள். சவரிமுத்து களத்திலேயே நின்றான். அவனுக்கு அலுமினியக் குவளையில் போயிற்று. நானும் அதே லயத்தில் பிறந்தவன்தான், எங்கள் இரண்டு பேருக்கும் பேண்ட்தான் வித்தியாசம். அதைச் சொல்லிவிட வேண்டும் என்று வாய் வரை வந்தது. மோரைக் குடித்துவிட்டேன்.

வந்த விஷயத்தைச் சொன்னேன். அவள் மழுப்பவில்லை.

"அந்தப் புள்ள மேல எனக்கு உசுருங்க சார். தோட்டத்துக்குத் தூக்கியாந்தா நான்தான் வெச்சிருப்பன். நிக்கறதுக்கு எனக்கென்னங்க? ஆனா எம் பையனுக்குப் பொண்ணு பாத்துட்டு இருக்கறன். அவுங்கூட்ல கை நனச்சேன்னு தெரிஞ்சா எவன் குடுப்பான், சொல்லுங்க?"

திரும்பும்போது சவரிமுத்து, "நாளைக்கு சாமி கேட்டதும் நீங்க எந்திரிச்சிருங்க அண்ணே. அவ ஒண்ணும் பண்ண முடியாது" என்றான். சரி என்றேன். அந்த மண்மேடு கண்ணிலேயே இருந்தது.

ஞாயிறு பூசைக்குக் கோயில் நிறைந்திருந்தது. யாரும் யாரையும் இங்கே உட்கார், அங்கே உட்கார் என்று சொல்லவில்லை. ஆனாலும் காலனிக்காரர்கள் எல்லோரும் இடது பக்கக் கதவோரம் இருந்தார்கள். அவர்களுக்கும் மற்றவர்களுக்கும் நடுவே ஒரு பாய் அகலத்துக்கு வெறும் தரை. பாட்டு எனக்குத் தெரிந்த பாட்டுத்தான், எங்களைவிடக் கொஞ்சம் இழுத்துப் பாடினார்கள்.

பிரசங்கம் முடிந்ததும் சாமியார் குழந்தையைக் கூப்பிட்டார். செபமாலை முன்னால் போனாள். என் மனைவி தைத்த வெள்ளைச் சட்டை பிள்ளைக்குச் சிறிதாக இருந்தது. என்ன பெயர் என்று கேட்டார். மரியா என்றாள். திருச்சபையிடம் என்ன கேட்கிறீர்கள் என்றார். ஞானஸ்நானம் என்றாள். ஞானப்பெற்றோர் யார் என்றார். சவரிமுத்து என் விலாவில் இடித்தான். நான் எழுந்தேன்.

அதற்குள் செபமாலை குனிந்து பிள்ளையைப் பலிபீடத்தின் கீழ்ப்படியில், வெறும் சிமெண்டில் படுக்க வைத்துவிட்டாள். வைத்துவிட்டுப் பின்னால் நகர்ந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

கோயிலில் ஒரு மூச்சு ஏறி இறங்கியது. எனக்கு ஒன்றும் புரியவில்லை. பக்கத்திலிருந்த கிழவர்தான் காதில் சொன்னார்: "நேர்ச்சப் புள்ளைங்க. நோவு கண்ட புள்ளைய எங்கூர்ல இப்படித்தான் படியில போடுவாங்க. மொதல்ல எடுக்கறவங்க அதுக்கு ஆத்தா. எடுக்காம வுடக்கூடாதுங்க, சாமி குத்தம்." நேர்ச்சைக்குத் திருவிழா அன்று சொந்தக்காரர்களிடம் முன்பே சொல்லி வைத்துத்தான் போடுவார்களாம். சொல்லாமல் போட்டது இவள்தான்.

முதலில் பிள்ளை கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தது. பிறகு அழ ஆரம்பித்தது. சவரிமுத்து பாய்ந்து போனான். செபமாலை அவன் கையைப் பிடித்து நிறுத்தினாள். நான் ஓர் அடி வைத்தேன். அவள் என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு அப்புறம் நான் நகரவில்லை. சாமியார் கையிலிருந்த புத்தகத்தில் பக்கத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார். அவருக்கு மனப்பாடமான சடங்கு அது.

ஊர் முழுக்க உட்கார்ந்திருந்தது. பெண்கள் பக்கத்தில் முக்காடுகள் ஒன்றை ஒன்று பார்த்தன. பிள்ளை நெளிந்து புரண்டு படியின் விளிம்புக்கு வந்தது, குரல் கம்மத் தொடங்கியது. மனிதர்கள் இவ்வளவு நேரம் சும்மா உட்கார முடியும் என்று நான் நினைத்ததில்லை. இவர்களுடைய ஜெபமாலையும் முக்காடும் எதற்கு என்று கத்திவிடலாம் போலிருந்தது. நானும் சும்மா நின்றுகொண்டுதான் இருந்தேன்.

லூர்தம்மா எழுந்தாள். வேகமாக வந்தாள். பிள்ளையை வாரி எடுத்துத் தோளில் போட்டு முதுகைத் தட்டினாள்.

"அறிவிருக்குதா புள்ள உனக்கு? சில்லுனு கெடக்குது தரை. இப்படியா போடுவ?" என்று செபமாலையைத் திட்டினாள். பலிபீடத்துக்கு முன்னால் அவ்வளவு சத்தமாகத் திட்டு விழுந்து நான் கேட்டதில்லை. செபமாலை குனிந்த தலையோடு, "தப்புத்தானுங்கக்கா" என்றாள். பிறகு என் பக்கம் திரும்பி, "இப்ப நீங்க நில்லுங்க அண்ணே" என்றாள்.

நின்றேன். தண்ணீர் ஊற்றினார்கள். எண்ணெய் பூசினார்கள். சாமியார் கேட்டதற்கெல்லாம் லூர்தம்மாவும் நானும் விசுவசிக்கிறோம் என்று சொன்னோம்.

பூசை முடிந்து காலனிக்கு நடக்கும்போது சாமியாரிடம் கேட்டேன், நீங்கள் தூக்கியிருக்கலாமே என்று.

"நான் தூக்கினா செல்லாதுங்க. நானும் வெளியூர்க்காரன்தானே" என்றார்.

லூர்தம்மா பிள்ளையைக் கொடுக்காமலே முன்னால் நடந்தாள். வழியில் யாரும் அவளோடு பேசவில்லை. அவள் மகன் கோயில் வாசலிலேயே சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போய்விட்டான். காலனிக் கிணற்றடியில் ஊர்ப் பெண்கள் ஒரு கூட்டமாக நின்றார்கள். தண்ணீருக்கு வந்தவர்கள் போல நின்றார்களே தவிர யார் கையிலும் குடம் இல்லை. சவரிமுத்து வீட்டு வாசல் அங்கிருந்து நன்றாகத் தெரியும்.

செபமாலை வாசலில் பாய் விரித்தாள். லூர்தம்மா பிள்ளையோடு உட்கார்ந்தாள். செபமாலை இலை போட்டுப் பானையிலிருந்து முதல் அகப்பைச் சோற்றை எடுத்து வைத்து, கோழிக் குழம்பை ஊற்றினாள். லூர்தம்மா இலையைப் பார்த்தாள். கிணற்றடியைப் பார்த்தாள்.

"நான் இன்னைக்கு ஒருசந்தி" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை யாரும் உபவாசம் இருப்பதில்லை. தவக்காலத்தில்கூட ஞாயிறு விலக்கு. அது அங்கே சாமியாருக்குத் தெரியும், எனக்குத் தெரியும், கிணற்றடிக்கும் தெரியும். சாமியார் வானத்தைப் பார்த்தார். செபமாலை அகப்பையைப் பிடித்தபடியே நின்றாள். எட்டு மாதம் காத்திருந்து, பிள்ளையைத் தரையில் போட்டு, கடைசியில் காரியம் ஓர் இலை நீளத்துக்கு இந்தப் பக்கமே நின்றுவிட்டது. "சரிங்கக்கா" என்று மட்டும் சொன்னாள். எனக்கு அவள் முகத்தைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது.

பிள்ளைக்குப் பசி வந்துவிட்டது. மறுபடி அழுதது. செபமாலை உள்ளே போய்க் கேழ்வரகுக் கஞ்சியைக் கிண்ணத்தில் ஊற்றிக் கரண்டியோடு கொண்டுவந்து, பிள்ளையை வாங்கக் கை நீட்டினாள்.

"நீ ஒக்காரு. நான் ஊட்டறன்" என்று லூர்தம்மா கிண்ணத்தை வாங்கிக்கொண்டாள்.

கஞ்சியில் ஆவி பறந்தது. அவள் ஒரு கரண்டி எடுத்து ஊதினாள். பிள்ளையின் வாயருகே கொண்டுபோனவள் நிறுத்தி, அந்த வீட்டுக் கஞ்சியைத் தன் நாக்கில் வைத்துச் சூடு பார்த்தாள். பிள்ளைக்கு ஊட்டுகிற எந்தப் பெண்ணும் செய்கிற காரியம்தான். கிணற்றடியில் பேச்சு நின்றது. செபமாலை சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"சூடு சரியாத்தான் இருக்குது" என்று லூர்தம்மா சத்தமாகச் சொன்னாள். அப்படிச் சொன்னவள், கிண்ணம் காலியாகும் வரை ஒவ்வொரு கரண்டியையும் தன் நாக்கில் வைத்துப் பார்த்துத்தான் பிள்ளைக்குக் கொடுத்தாள்.